புயற்கடலில் போர்க்கப்பல்கள்: பழைய டச்சு எண்ணெய் ஓவியங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியங்களைப் பற்றிய பக்கம் இது?

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சு ஓவியர்கள் வரைந்த புயற்கடல் ஓவியங்களைப் பற்றியது. கறுத்த வானம், பச்சையும் சாம்பலும் கலந்த அலை, நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பெரிய பாய்க்கப்பல். அச்சுப் பிரதியாகவாவது இப்படி ஒன்றை எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம். பதில்களில் மூன்று பேர் அடிக்கடி வருவார்கள். வில்லெம் வான் டெ வெல்டெ என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் (மூத்தவர் 1611–1693, இளையவர் 1633–1707). அவர்கள் காலத்திலேயே வாழ்ந்த லூடால்ஃப் பாக்ஹவுசன் (1630–1708). ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்திலும் லண்டன் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும் இருக்கும் சில ஓவியங்களையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

ஓவியத்தின் முன்னால் நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காற்றை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஓவியத்தில் பாதி புரிந்துவிடும்.

பெரும்பாலோர் கண்ணுக்கு முதலில் படுவது அலை. அலை பெரிதாக இருக்கிறது, கப்பல் தத்தளிக்கிறது, பயங்கரமாக இருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுகிறோம். அலையை விட்டுவிட்டுப் பாய்மரத்தின் உச்சிக்குப் போங்கள். அங்கே ஒரு நீண்ட கொடி இருக்கும். அது எந்தத் திசையில் நீண்டு பறக்கிறதோ அந்தத் திசைக்குத்தான் காற்று போகிறது. அடுத்து கப்பலின் உடலைப் பாருங்கள்; கொடி பறக்கும் பக்கமாகவே அது சாய்ந்திருக்கும். அலையின் முடியிலிருந்து பிய்ந்து பறக்கும் நுரையும் அந்தப் பக்கம்தான் போகும். தொலைவில் இன்னொரு கப்பல் இருந்தால் அதுவும் அதே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

நல்ல ஓவியத்தில் இந்த நான்கும் ஒரே சொல்லைச் சொல்லும். கடலறியாத கை வரைந்த நகல்களில் இங்கேதான் பிழை வரும். கப்பல் முன்னோக்கிப் போகிறது, ஆகவே கொடி பின்னால் பறக்க வேண்டும் என்று நினைத்து வரைந்துவிடுவார்கள். காரில் கட்டிய கொடி பின்னால் பறக்கும், உண்மைதான். பாய்க்கப்பலைத் தள்ளுவதே காற்று. பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் ஓடும் கப்பலின் கொடி முன்னால்தான் பறக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, சுவரில் மாட்டிய எந்தக் கடல் ஓவியத்தையும் என்னால் அமைதியாகக் கடந்து போக முடிவதில்லை. கண் நேராகக் கொடிக்குத்தான் போகிறது.

புயல் என்றால் எல்லாப் பாய்களையும் இறக்கிவிட வேண்டியதுதானே? ஏன் ஒன்றிரண்டு மட்டும் விரிந்திருக்கின்றன?

எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் கப்பலைத் திருப்ப முடியாது. சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் கப்பல் தண்ணீரில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகராத கப்பலுக்குச் சுக்கான் இருந்தும் பயனில்லை. அது அலைக்குப் பக்கவாட்டைக் காட்டித் திரும்பிவிடும். அப்படிக் குறுக்கே கிடக்கும்போது அடிக்கும் பேரலைதான் கவிழ்த்துவிடும்.

ஆகவே மாலுமிகள் கணக்குப் போட்டுத்தான் குறைப்பார்கள். உச்சியில் உள்ள பாய்கள் முதலில் போகும், ஏனென்றால் உயரத்தில் விழும் காற்றுக்குச் சாய்க்கும் விசை அதிகம். அதற்குக் கீழே உள்ளவற்றைச் சுருக்கிக் கட்டுவார்கள். அடிப்பாயின் கீழ்விளிம்பில் கூடுதலாக ஒரு துண்டுத் துணி கயிற்றால் கோத்திருக்கும். காற்று ஏறினால் அதை அவிழ்த்து எடுத்துவிடுவார்கள். பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலைத் தாழ்த்துவதும் உண்டு. ஓவியத்தில் எந்தப் பாய் இருக்கிறது, எது இல்லை, எது பாதியில் கயிறு அறுந்து அடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். காற்று எவ்வளவு நேரமாக அடிக்கிறது, திடீரென்று வந்ததா, கப்பல் தலைவன் முன்கூட்டியே எதிர்பார்த்தானா என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

ரைக்ஸ் மியூசியத்தில் இளைய வான் டெ வெல்டெ 1680 வாக்கில் வரைந்த ஓர் ஓவியம் உண்டு. டச்சு மொழியில் 'டெ விண்ட்ஸ்டோட்' என்பார்கள். 'சூறை வீச்சு' என்று தமிழில் சொல்லலாம். 77 சென்டிமீட்டர் உயரமும் 64 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த அகலமும் கொண்ட, நிமிர்ந்த வடிவக் கித்தான். கடலை அகலமாக வரைவதுதான் வழக்கம். இவர் உயரமாக வரைந்தார். அதனால் வானம் கப்பலின் மேல் கவிழ்ந்து நிற்கிறது, பாய்மரங்கள் அந்த இருட்டுக்குள் சரிந்து ஏறுகின்றன. பெரிய அளவு ஓவியமே இல்லை. ஒரு நாளிதழை விரித்துப் பிடித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் அத்தனை எடை.

கரை தெரிந்தால் நிம்மதிதானே? ஏன் கரையை ஆபத்தாகக் காட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. தரையில் நிற்கும் நமக்குக் கரை என்றால் பாதுகாப்பு. புயலில் சிக்கிய பாய்க்கப்பலுக்கு நடுக்கடல்தான் பாதுகாப்பு. அங்கே மோதுவதற்கு எதுவும் இல்லை. விடியும்வரை காற்றோடு போய்க்கொண்டிருக்கலாம்.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைதான் எமன். கப்பல் அதை விட்டு விலக வேண்டுமானால் காற்றுக்கு எதிர்முகமாகச் சாய்வாகப் போக வேண்டும். சதுரப் பாய் கட்டிய பழைய கப்பல்கள் காற்றுக்கு மிக நெருக்கமாகப் போகக்கூடியவை அல்ல; ஓரடி முன்னேறினால் பக்கவாட்டில் கரையை நோக்கி நழுவிக்கொண்டே இருக்கும். விலகுவதற்குப் பாய் வேண்டும். அதிகப் பாய் விரித்தால் பாய்மரமே முறியும். குறைவாக விரித்தால் பாறை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடத்தில்தான் தலைவன் நிற்கிறான்.

1672-இல் இளைய வான் டெ வெல்டெ வரைந்த ஓவியம் ஒன்று கிரீனிச்சில் இருக்கிறது. காற்று தள்ளும் கரையிலிருந்து விலகப் போராடும் ஆங்கிலக் கப்பல் என்பதே அதன் தலைப்பு. தலைப்பிலேயே கதை முழுவதும் இருக்கிறது. ஓவியத்தில் ஒரு பாறையோரத்தைப் பார்த்தால் 'அழகான காட்சி' என்று கடந்துவிடாமல், காற்று அதை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள்.

பீரங்கிகள் நிறைந்த கப்பல் என்கிறீர்கள், ஆனால் பக்கவாட்டில் வெறும் சதுரக் கோடுகள்தான் தெரிகின்றன?

அந்தச் சதுரங்கள் மூடிய சாளரங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பீரங்கி கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு நிற்கிறது.

பெரிய போர்க்கப்பலின் கீழ்த்தட்டுப் பீரங்கிகள் நீர்மட்டத்துக்குச் சில அடி உயரத்தில்தான் இருக்கும். எடை அதிகமான பீரங்கிகளைக் கீழே வைத்தால்தான் கப்பல் நிலையாக நிற்கும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் கப்பல் சாய்ந்தால் அந்தச் சாளரங்கள்தான் முதலில் தண்ணீரைத் தொடும். திறந்திருந்தால் முடிந்தது. ஸ்வீடன் நாட்டின் 'வாசா' என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்தில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டும் முன்பே, ஒரு காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்வரிசைச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. அன்று புயல்கூட இல்லை. 1961-இல் அதைக் கடலடியிலிருந்து மேலே எடுத்தார்கள்; இன்று ஸ்டாக்ஹோமில் தனி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆகவே புயல் ஓவியத்தில் ஓவியர் சாளரங்களை மூடி வரைந்திருக்கிறார் என்றால் அவருக்குக் கப்பல் தெரியும் என்று பொருள்.

ஓவியர்கள் உண்மையிலேயே புயலில் போய்ப் பார்த்தார்களா?

போனார்கள். என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருக்கும் பகுதி இதுதான்.

மூத்த வான் டெ வெல்டெ டச்சுக் கடற்படையோடு சிறு படகில் போர்க்களத்துக்கே சென்றவர். 1653-இல் நடந்த ஸ்கெவனிங்கன் போரிலும், 1666-இல் நான்கு நாட்கள் நீடித்த கடற்போரிலும் குண்டுகள் பறக்கும் தூரத்தில் படகை நிறுத்திக்கொண்டு தாளில் வரைந்துகொண்டிருந்தார். இன்றைய போர்முனைச் செய்தியாளருக்கு அவரை மூதாதை என்று தாராளமாகச் சொல்லலாம். தாம் வரைந்த போர்க்காட்சிக்குள்ளேயே, ஓரத்துப் படகொன்றில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும் சிறு உருவமாகத் தம்மையும் சேர்த்திருக்கிறார். வெள்ளைப் பூச்சு பூசிய பலகையில் பேனாவும் மையும் கொண்டு வரைவது அவருடைய சிறப்பு. கயிறு கயிறாக எண்ணிவிடலாம்.

பாக்ஹவுசன் வடஜெர்மனியின் எம்டன் நகரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமுக்கு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுத வந்தார், அழகான கையெழுத்துக்காரர். ஓவியம் பிறகுதான் வந்தது. காற்று எழும்பும் நாட்களில் சிறு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடல்வாய்க்குப் போவாராம். படகோட்டிகள் பயந்து திரும்பச் சொன்னாலும் கேட்காமல், அலை கரையில் உடையும் விதத்தைப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, வீடு திரும்பியதும் யாரோடும் பேசாமல் நேராக ஓவிய அறைக்குள் போய்விடுவாராம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஓவியர்களின் வரலாற்றை எழுதிய ஹவ்பிராகன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த 'யாரோடும் பேசாமல்' என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பார்த்தது சிந்திவிடாமல், தளும்பும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரைப் போல வந்திருக்கிறார்.

இளையவரைப் பற்றி இங்கிலாந்தின் கில்பின் என்ற எழுத்தாளர், தேம்ஸ் நதியின் ஒரு முதிய படகோட்டி சொல்லக் கேட்டதாக ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். நல்ல நாள், கெட்ட நாள் என்று பாராமல் ஓவியர் அந்தப் படகில் ஏறி வானத்தைப் பார்க்கப் போவார். பெரிய நீலத் தாள்கள் கையில் இருக்கும். கறுப்புச் சுண்ணக்கட்டியால் மேகத்தின் நிழலையும் வெள்ளையால் வெளிச்சத்தையும் குறிப்பார். தாளே நீலமாதலால் வானத்துக்குத் தனியாக வண்ணம் தேவையில்லை. இந்த வான் பார்க்கும் பயணங்களுக்கு, வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை' என்ற ஆங்கிலச் சொல்லை டச்சு நாக்கால் வளைத்து 'ஸ்கோயிங்' என்று தமக்கென ஒரு பெயரும் வைத்திருந்தாராம்.

டச்சு ஓவியர்களின் படங்கள் ஏன் இங்கிலாந்தில் இவ்வளவு இருக்கின்றன?

1672-ஐ டச்சுக்காரர்கள் 'பேரழிவு ஆண்டு' என்கிறார்கள். பிரான்சும் இங்கிலாந்தும் ஜெர்மானியச் சிற்றரசுகள் இரண்டும் ஒரே நேரத்தில் தாக்கின. ஓவியம் வாங்க யாரிடமும் பணம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வான் டெ வெல்டெ தந்தையும் மகனும் எதிரி நாடான இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அவர்களை வரவேற்றார். 1674-இல் அரசாணை பிறந்தது: கடற்போர்களின் வரைபடங்களை எடுப்பதற்குத் தந்தைக்கு ஆண்டுக்கு 100 பவுன், அந்த வரைபடங்களை வண்ணத்தில் ஆக்குவதற்கு மகனுக்கு 100 பவுன். ஒரு குடும்பத்தின் தொழில் பங்கீட்டை அரசாணையே இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பது அபூர்வம்.

வேலை செய்ய கிரீனிச்சில் அரசியின் மாளிகையில் கீழ்த்தள அறை கிடைத்தது. 'டச்சு ஓவியர்கள் வேலை செய்யும்' அறையின் மூன்று ஜன்னல்களுக்குக் கதவுகள் போட 1675-இல் செலவு எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். அந்த மாளிகையிலேயே, அவர்கள் வந்து 350 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2023-இல் பெரிய கண்காட்சி நடந்தது. அவர்கள் போன பிறகு ஆம்ஸ்டர்டாமில் வெற்றிடமான முதலிடத்துக்கு பாக்ஹவுசன் வந்தார்.

எண்ணெய் வண்ணத்தில் அலையை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

அடுக்கடுக்காக. கித்தானில் முதலில் சாம்பலோ பழுப்போ கலந்த ஓர் அடிப்பூச்சு. அதன் மேல் வானமும் கடலும் பெரிய இருள்–வெளிச்சத் திட்டுகளாக வரும். ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்லக் காயும். அதனால் மேகத்தின் ஓரத்தை ஈரமாக இருக்கும்போதே மென்மையாகக் கரைத்துவிட முடியும். நுரை கடைசியில் வரும். ஈய வெள்ளையைத் தடிமனாக எடுத்துச் சிறு சிறு தொடுகைகளாக வைப்பார்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் பட்டால் அந்த வெள்ளை மட்டும் புடைத்து நிற்பதைக் காணலாம்.

கயிறுகளைப் பாருங்கள். மிக மெல்லிய தூரிகையால், காய்ந்த வானத்தின் மேல் இழுத்த கோடுகள். காற்றுப் படும் பக்கத்துக் கயிறு விறைப்பாக நேராக இருக்கும். மறுபக்கத்துக் கயிறு தளர்ந்து தொய்ந்து வளைந்திருக்கும். தலைமுடி அளவு கோட்டில் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறார்கள். அலையையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரைவதில்லை. முன்னால் இருப்பது இருட்டு, நடுவில் மேக இடுக்கு வழியாக விழும் ஒரு பட்டை வெயில், அந்த வெயிலில் மட்டும் அலை முடி கண்ணாடிபோல் பச்சையாக ஒளி ஊடுருவி நிற்கும். மேலே மெல்லியதாகவும் கீழே தடிமனாகவும் இருக்கும் தண்ணீர்ச் சுவருக்குள் வெளிச்சம் புகுந்தால் உண்மையில் அப்படித்தான் தெரியும்.

நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கால ஓவியர்கள் மலிவான நீலமாக ஸ்மால்ட் என்பதைப் பயன்படுத்தினார்கள். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை இடித்துத் தூளாக்கியது அது. எண்ணெயில் கலந்தால் பல பத்தாண்டுகளில் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிடும். மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகும். ஆகவே பழைய கடல் ஓவியங்களில் நாம் இன்று காணும் அழுத்தமான பழுப்புச் சாம்பல் முழுவதும் ஓவியர் நினைத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வானங்கள் வரைந்த அன்று இதைவிட நீலமாக இருந்தவை.

இது கற்பனைக் கப்பலா, உண்மையான கப்பலா? எப்படித் தெரிந்துகொள்வது?

பின்புறத்தைப் பாருங்கள். கப்பலின் அமரப் பகுதி முழுவதும் மரச்சிற்பமும் பொன்பூச்சுமாக இருக்கும். நடுவில் உள்ள சின்னம் பல நேரங்களில் கப்பலின் பெயரையே காட்டும். சிங்கம் இருந்தால் சிங்கத்தின் பெயர், நகரச் சின்னம் இருந்தால் நகரத்தின் பெயர். வான் டெ வெல்டெக்கள் துறைமுகத்தில் கிடந்த கப்பல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, சிற்பம் முதல் சாளர எண்ணிக்கை வரை வரைந்து சேர்த்துவைத்தார்கள். அந்தத் தாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று கிரீனிச்சில் இருக்கின்றன. பழைய கப்பல்களைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு அவை சான்று ஆவணங்கள். ஆகவே புயலில் சாயும் கப்பல்கூட, இன்ன கப்பல் என்று பெயர் சொல்லக்கூடியதாக அமைந்துவிடுகிறது.

ஓவியரின் கையெழுத்தைத் தேடுபவர்கள் கீழ்மூலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் ஒரு மரத்துண்டிலோ பீப்பாயிலோ கையெழுத்து ஒளிந்திருக்கும் வழக்கம் கடல் ஓவியர்களிடம் உண்டு.

மனிதர்களை ஏன் இவ்வளவு சிறியதாக வரைகிறார்கள்?

கடலின் அளவு தெரிய வேண்டும் என்பதால். ஆனால் சிறியதாக இருப்பதால் அவர்கள் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ரைக்ஸ் மியூசியம் தன் இணையதளத்தில் ஓவியங்களை மிகப் பெரிய அளவில், கட்டணமின்றித் தருகிறது. பாக்ஹவுசன் 1695 வாக்கில் வரைந்த 'கடும்புயலில் போர்க்கப்பல்கள்' ஓவியத்தைத் திறந்து, கப்பலின் மேல்தட்டைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். முதலில் ஒழுங்கற்ற புள்ளிகள் போலத் தெரியும். மெல்ல மெல்ல அவை முதுகுகளாகவும் தோள்களாகவும் மாறும். இரண்டு மூன்று தொடுகைதான் ஓர் ஆள்.

இந்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த எண்ணம் இது: இவை பயத்தின் ஓவியங்கள் அல்ல, வேலையின் ஓவியங்கள். பருமலின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, காலடியில் ஒரே ஒரு கயிற்றுப் பிடியோ அதுகூட இல்லாமலோ, நனைந்து பலகைபோல் விறைத்துப் போன பாயை இரு கையாலும் அள்ளுபவர் பயந்துகொண்டிருக்க நேரமில்லை. கையை வானத்தை நோக்கி உயர்த்திய உருவங்களும் சில ஓவியங்களில் வருகின்றன. பாறையில் மோதும் கப்பல்களில் அதைக் காணலாம். ஆனால் தப்பிக்கக்கூடிய கப்பலில் எல்லோரும் எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓவியர் அந்த வேலையை மதித்திருக்கிறார். எந்தக் கயிறு எங்கே போகிறது என்று அத்தனை கவனமாக வரைந்ததற்கு அந்த மதிப்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

புயல் என்பது உருவகம்தானா?

அப்படியும் படித்தார்கள். பிறவியைப் பெருங்கடல் என்று சொல்லும் மொழிக்காரர்களான நமக்கு இது புதிதில்லை. டச்சுக்காரர்களுக்குக் கப்பல் நாட்டையும் குறிக்கும், ஆன்மாவையும் குறிக்கும், காதலையும்கூடக் குறிக்கும். ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில் யாரோ ஒருவர் கடலில் இருந்தார், அல்லது அவர்கள் பணம் கடலில் இருந்தது. அவர்களுக்குப் புயல் முதலில் புயல்தான்.

நம் கரையோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு. இந்த ஓவியங்கள் வரையப்பட்ட ஆண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் நங்கூரமிட்டன. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. துணியோடு அவுரி நீலத்தையும் சோழமண்டலக் கரையில் வாங்கிச் சென்றார்கள். டச்சு ஓவியர்கள் அவுரியையும் எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்கள்.

நம் கரையில் இயற்கைத் துறைமுகம் குறைவு. கப்பல்கள் திறந்த கடலில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் ஐரோப்பியக் கடற்படைகள் ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று எழும்பும் முன்பே இங்கிருந்து கிளம்பிவிடப் பார்த்தன. கிளம்பாமல் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கடற்படையை 1761 ஜனவரி 1 அன்று புயல் பிடித்தது. 'சண்டர்லேண்ட்', 'டியூக் தகிதேன்' என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. 'நியூகாசில்', 'குயீன்பரோ' ஆகியவை கரையில் தூக்கி எறியப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒரே இரவில் மாண்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் நடைபயிலும்போது இதை நினைத்துக்கொண்டு கிழக்கே பாருங்கள். மேலே சொன்ன 'காற்று தள்ளும் கரை' கண்ணெதிரே இருக்கும்.

பிற்கால ஓவியர்களுக்கு இவர்கள் என்ன விட்டுச்சென்றார்கள்?

ஆங்கில ஓவியர் டர்னர் ஒருவரைச் சொன்னால் போதும். வான் டெ வெல்டெயின் ஓவியத்தைப் பார்த்துச் செய்த ஓர் அச்சுப் படத்தைக் காட்டி, தம்மை ஓவியராக்கியது இதுதான் என்று டர்னர் சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1801-இல் ஒரு பிரபு தம்மிடமிருந்த வான் டெ வெல்டெ ஓவியத்துக்கு இணையாக ஒன்று வரையச் சொல்ல, டர்னர் புயற்காற்றில் டச்சுப் படகுகளை வரைந்தார். அப்போது அவருக்கு வயது 26.

வீட்டில் ஒரு கடல் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. கையால் வரைந்ததா, அச்சா? எப்படிப் பராமரிப்பது?

இருட்டிய அறையில் டார்ச் விளக்கை ஓவியத்தின் பக்கவாட்டில் பிடியுங்கள். தூரிகையின் மேடுபள்ளம் நுரையில் ஒரு மாதிரி, வானத்தில் வேறு மாதிரி தெரிந்தால் கையால் வரைந்தது. கித்தானின் நெசவு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிந்தால், அல்லது வண்ண இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பளபளப்பான தூரிகைத் தடம் மேலே ஓடினால், அச்சின் மேல் பூசியது. பூதக்கண்ணாடியில் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பராமரிப்பில் செய்யக்கூடாதவைதான் அதிகம். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு கொண்டு தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மாவும் சாறும் விரிசலுக்குள் போய்ப் பூஞ்சையை வளர்க்கும். சாம்பிராணிப் புகை எட்டும் இடம், சமையலறையை ஒட்டிய சுவர், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், நேர் வெயில் விழும் ஜன்னலெதிர் ஆகிய நான்கையும் தவிர்த்துவிடுங்கள். ஓவியத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரலளவு இடைவெளி விட்டு, சட்டத்தின் பின்னால் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். வண்ணம் செதிலாக உதிர ஆரம்பித்திருந்தால் தொடாமல், வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, ஓவியப் பாதுகாப்பு படித்தவரைக் கூப்பிடுங்கள்.

ஓவியத்தில் கப்பல் தப்பித்ததா, மூழ்கியதா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலான ஓவியங்களில் தெரியாது. ஓவியர் ஒரு கணத்தோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் ஒரு கப்பலின் முடிவு நமக்குத் தெரியும்.

1678 வாக்கில் இளைய வான் டெ வெல்டெ 'ரெசல்யூஷன்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலைப் புயற்காற்றில் வரைந்தார். ஓவியம் கிரீனிச்சில் இருக்கிறது. 1667-இல் ஹார்விச்சில் ஆன்டனி டீன் கட்டிய, 70 பீரங்கிகள் கொண்ட கப்பல். ஓவியத்தில் அது காற்றுக்குச் சாய்ந்து கொடுத்துக்கொண்டு, ஆனால் அடங்காமல் போகிறது. உடைந்து போகும் கப்பலின் தோற்றம் அதில் எங்கும் இல்லை.

அதன் பின் 25 ஆண்டுகள் அது கடலில் இருந்தது. இடையில் 1698-இல் புதுப்பித்தும் கட்டினார்கள். 1703 நவம்பர் 26-ஆம் தேதி இரவு, அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி, தென் இங்கிலாந்து கண்டிராத பெரும்புயல் வந்தது. கென்ட் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டுகளில் மட்டும் நான்கு போர்க்கப்பல்கள் போயின, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லண்டனில் கூரை ஓடுகள் பறந்தன. ஓவியருக்கு அப்போது ஏறக்குறைய 70 வயது, லண்டனில்தான் குடியிருந்தார். அதே இரவில் 'ரெசல்யூஷன்' சசெக்ஸ் கரையில், பெவன்ஸி அருகே, காற்று தள்ளிய கரையில் உடைந்தது. அதிலிருந்த 221 பேரும் உயிரோடு கரையேறினார்கள்.